எக்ஸ்எம்எல் வெப் சர்வீஸ் வடிவமைப்பு: முதலில் விஸ்டில், அப்புறம்தான் கோட்

கல்லூரியில் ஜேசான் மட்டுமே பார்த்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு முதல் புராஜெக்டே வங்கியாகவோ இன்சூரன்ஸாகவோ அமைந்துவிடுகிறது. சேர்ந்த வாரமே ஒரு ஃபைலை மெயிலில் அனுப்பி, "இந்த விஸ்டிலைப் பார்த்து கிளையன்ட் எழுதிடுங்க" என்பார்கள். விஸ்டில் (WSDL) என்பது, நெட்வொர்க் வழியாக அழைக்கும் ஒரு சர்வீஸ் என்ன செய்யும், அதை எப்படி அழைப்பது என்று எக்ஸ்எம்எல்லில், அதாவது டேக்குகளால் தகவலைக் குறிக்கும் வடிவத்தில், விவரிக்கும் ஃபைல்; கிளையன்ட் என்பது அந்த சர்வீஸை அழைக்கும் நிரல். திறந்தால் பக்கம் பக்கமாக கோண அடைப்புக்குறிகள். அதைக்கூட ஒரு கருவியிடம் கொடுத்துச் சமாளித்துவிடலாம். கொஞ்ச நாள் கழித்து "நீங்களே ஒரு சர்வீஸ் டிசைன் பண்ணுங்க" என்பார்கள் பாருங்கள், அங்கேதான் பலரும் திணறுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த வேலைக்கானது.

இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். உங்கள் சர்வீஸைப் பயன்படுத்தப்போகிறவர் உங்கள் நிரலை ஒருநாளும் பார்க்கமாட்டார். அவர் நொய்டாவில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம், உங்களுக்கு போன் செய்யும் வசதி அவருக்கு இல்லாமலே இருக்கலாம். அவர் கையில் இருப்பது நீங்கள் எழுதிக் கொடுத்த விவரிப்பு மட்டும். அதனால் விவரிப்பை முதலில் எழுதுங்கள், ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கப்போகிறார் என்ற நினைப்போடு எழுதுங்கள். ஜாவா கிளாஸை எழுதிவிட்டு அதிலிருந்து விஸ்டிலைக் கருவியே உருவாக்கிக்கொள்ளட்டும் என்று விடுவது சுலபம்தான், ஆனால் அப்படி வரும் விஸ்டிலில் உங்கள் நிரலின் உள் அமைப்பு அப்படியே வெளியே தெரியும், நாளைக்கு ஒரு கிளாஸின் பெயரை மாற்றினால் இருபது வாடிக்கையாளர்களின் சிஸ்டம் படுத்துவிடும்.

இன்னும் எங்கே இருக்கிறது இந்த எக்ஸ்எம்எல்?

பழைய சமாச்சாரம் என்று ஒதுக்குவதற்கு முன் நாம் தினமும் தொடும் விஷயங்களைப் பாருங்கள். டீக்கடையில் யூபிஐயில் பணம் அனுப்பும்போது வங்கிக்கும் யூபிஐயை நடத்தும் என்பிசிஐக்கும் இடையே போகும் மெசேஜ் எக்ஸ்எம்எல். ஆதார் சரிபார்ப்புக்கு ஆதார் ஆணையமான யூஐடிஏஐ கேட்கும் கோரிக்கையும் எக்ஸ்எம்எல். ரிசர்வ் வங்கி 2013 அக்டோபரில் கொண்டுவந்த புதிய ஆர்டிஜிஎஸ், ஐஎஸ்ஓ 20022 என்ற எக்ஸ்எம்எல் மெசேஜ் தரத்தின் மேல் ஓடுகிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கணக்கு மென்பொருளான டேலி, வெளியிலிருந்து வரும் புரோகிராம்களிடம் எச்டிடிபி வழியாக எக்ஸ்எம்எல்லில் பேசும், அதன் வழக்கமான போர்ட் எண் 9000. இவற்றில் எதுவுமே முறையான சோப் (SOAP, எக்ஸ்எம்எல் மெசேஜ்களைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு நெறி) சர்வீஸ் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எக்ஸ்எம்எல் மெசேஜை வடிவமைக்கும் திறமை எல்லாவற்றுக்கும் பொது, சோப் அதன் மேல் போடும் ஒரு உறை, அவ்வளவுதான்.

வரலாறு கொஞ்சம் போதும். எக்ஸ்எம்எல் 1.0 வந்தது 1998 பிப்ரவரியில். சோப் 1.1 வந்தது 2000 மே மாதம். அரிபா, ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கொடுத்த விஸ்டில் 1.1-ஐ, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி ஒரு குறிப்பாக வெளியிட்டது 2001 மார்ச்சில். 2007-இல் விஸ்டில் 2.0 முறையான பரிந்துரையாகவே வந்தது, ஆனாலும் புதியதாயிற்றே என்று அதை எடுக்காதீர்கள், பெரும்பாலான கருவிகள் ஒழுங்காகப் புரிந்துகொள்வது 1.1-ஐத்தான். உங்கள் வாடிக்கையாளரின் கருவி எதைப் படிக்குமோ அதுவே உங்களுக்குச் சரியான வெர்ஷன்.

முதல் படி: கம்ப்யூட்டரை மூடிவிட்டு கவுன்டரில் போய் நில்லுங்கள்

உதாரணத்துக்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரிலிருந்து மடிவாளா வழியாகக் கோயம்புத்தூர் போகும் ஆம்னி பஸ். பஸ் கம்பெனியின் சர்வர் கோயம்புத்தூரில், டிக்கெட் விற்பவர்கள் பெங்களூரில் இருக்கும் ஏஜென்ட்கள், அப்புறம் ஒன்றிரண்டு டிராவல் ஆப்கள். ஏஜென்ட்டின் சிஸ்டம் நேராக பஸ் கம்பெனியின் சர்வரிடம் சீட் கேட்க வேண்டும், அதற்குத்தான் சர்வீஸ்.

பெரும்பாலான புதியவர்கள் இங்கே டேட்டாபேஸைத் திறந்து, டேபிளுக்கு ஒரு ஆபரேஷன் (சர்வீஸிடம் கேட்கக்கூடிய ஒரு வேலை) என்று எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். பஸ்ஸை எடு, சீட்டை எடு, கட்டணத்தை எடு, ஏறுமிடத்தை எடு. இது வேண்டாம். ஏஜென்ட் ஒரு டிக்கெட் போட ஏழெட்டு முறை நெட்வொர்க்கில் போய்வர வேண்டியிருக்கும், பண்டிகை நேரக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் காத்திருப்பு. அதற்குப் பதிலாக கவுன்டரில் பத்து நிமிடம் நின்று, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள்.

"அண்ணே, இன்னைக்கு நைட்டு கோயம்புத்தூருக்கு ரெண்டு சீட்டு. அம்மா பக்கத்துல லேடீஸ்தான் இருக்கணும். சில்க் போர்டுல ஏறிக்கிறோம்."

இந்த மூன்று வரிக்குள் உங்கள் முதல் ஆபரேஷன் முழுதாக இருக்கிறது. நாள், சேருமிடம், எத்தனை பேர், ஏறுமிடம். பதிலில் வெறும் காலி சீட் எண்ணிக்கை போதாது, பக்கத்து சீட்டில் ஆண் இருக்கிறாரா பெண் இருக்கிறாரா என்பதும் வர வேண்டும். டேபிளைப் பார்த்து வடிவமைத்திருந்தால் இது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. நான்கு ஆபரேஷன் போதும்: பஸ் தேடுவது, சீட்டைக் கொஞ்ச நேரத்துக்குப் பிடித்து வைப்பது, பணம் வாங்கியபின் உறுதி செய்வது, ரத்து செய்வது. ஒவ்வொன்றும் கவுன்டரில் நடக்கும் ஒரு முழு வேலை.

இரண்டாம் படி: மெசேஜைக் கையால் எழுதுங்கள்

ஸ்கீமாவுக்கு, அதாவது மெசேஜில் எந்தத் தகவல் எந்த வடிவில் வரலாம் என்ற விதிகளுக்கு, இன்னும் போகவேண்டாம். உண்மையான ஒரு பயணியை மனதில் வைத்து, போகும் மெசேஜ் எப்படி இருக்கும் என்று எழுதிப் பாருங்கள். எக்ஸ்எம்எல்லில் டேக் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், விதி அனுமதிக்கிறது, அதனால் படிக்க வசதியாக இங்கே தமிழிலேயே தருகிறேன். உண்மையான சர்வீஸில் ஆங்கிலப் பெயரே வையுங்கள், ஏனென்றால் எதிர்ப்பக்கத்தின் கருவி அந்தப் பெயரிலிருந்துதான் கிளாஸ் பெயரை உருவாக்கும், டெல்லியில் இருப்பவரால் அதைத் தட்டச்சு செய்ய முடியாது.

<சீட்பிடி>
  <கோரிக்கைஎண்>மடி-2025-000417</கோரிக்கைஎண்>
  <பயணநாள்>2025-01-10</பயணநாள்>
  <சேவைஎண்>கோவை-7</சேவைஎண்>
  <ஏறுமிடம்>சில்க் போர்டு</ஏறுமிடம்>
  <பயணி>
    <பெயர்>எஸ். முருகேஸ்வரி</பெயர்>
    <வயது>58</வயது>
    <சீட்>12</சீட்>
  </பயணி>
</சீட்பிடி>

இதை எழுதி முடித்ததும் சண்டை போடுவது போலக் கேள்வி கேளுங்கள். பயணி இரண்டு பேர் என்றால் அந்தப் பகுதி இரண்டு முறை வருமா? சீட் எண் கொடுக்காமல் "ஏதாவது ஒன்று" என்றால் என்ன அனுப்புவது? ஏறுமிடத்தின் பெயரை ஒருவர் சில்க் போர்டு என்றும் இன்னொருவர் மத்திய பட்டு வாரியம் என்றும் எழுதினால்? கடைசிக் கேள்வியிலேயே தெரிந்துவிடும், ஏறுமிடத்துக்குப் பெயர் போதாது, ஒரு நிலையான குறியீடு வேண்டும், அந்தக் குறியீடுகள் தேடல் ஆபரேஷனின் பதிலில் வர வேண்டும் என்று. இந்த மாதிரி நான்கைந்து மெசேஜ்களை, போவதும் வருவதும், எழுதி ஏஜென்ட் பக்கத்து டெவலப்பரிடம் காட்டிவிடுங்கள். ஒரு விஸ்டிலைப் படித்துக் கருத்துச் சொல்ல யாருக்கும் பொறுமை இருக்காது, ஆனால் ஒரு மாதிரி மெசேஜைப் பார்த்தால் உடனே "இதுல மொபைல் நம்பர் எங்கே?" என்பார்கள்.

மூன்றாம் படி: ஸ்கீமா

வேலையின் கனம் இங்கேதான். விஸ்டில் என்பது பெரும்பாலும் சடங்கு, ஸ்கீமாதான் உண்மையான ஒப்பந்தம். இதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்களோ அவ்வளவு தொல்லை பின்னால் குறையும்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் எல்லோரும் இதில் அடிபட்டிருக்கிறோம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு எலிமென்ட் (திறக்கும் டேக்கிலிருந்து மூடும் டேக் வரையுள்ள ஒரு பகுதி) வைத்து, இரண்டும் கட்டாயம், ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு எழுத்து என்று ஸ்கீமாவில் எழுதிவிடுவார்கள். முருகேஸ்வரிக்குக் கடைசிப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு, அதுவும் ஒரே எழுத்து. கவுன்டரில் இருப்பவர் என்ன செய்வார்? அப்பா பெயரைப் போடுவார், இல்லை முருகேஸ்வரி முருகேஸ்வரி என்று இரண்டு முறை போடுவார். அடையாள அட்டையில் ஒன்று, டிக்கெட்டில் ஒன்று. "முழுப்பெயர்" என்று ஒரே எலிமென்ட் வையுங்கள். இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், இரண்டாவதையாவது கட்டாயமில்லை என்று ஆக்குங்கள்.

அந்தப் பெயர் தமிழ் எழுத்தில் வந்தால் நீளம் என்னவாகும்? ஸ்கீமாவில் மேக்ஸ்லெங்த் என்று போடும் எண், யூனிகோட் குறியெண்களை எண்ணுகிறது. "பெங்களூரு" என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் அது ஒன்பது குறியெண், யூடிஎஃப்-8-இல் சேமித்தால் 27 பைட். ஆரக்கிள் டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையின் (column) நீளம் இயல்பாக பைட் கணக்கு. ஆக, ஸ்கீமாவில் 50 என்றும் டேட்டாபேஸிலும் 50 என்றும் போட்டுவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று இருந்தால், பதினாறு குறியெண்ணுக்கு மேல் போகும் தமிழ்ப் பெயர் ஸ்கீமாவைத் தாண்டி வந்து டேட்டாபேஸில் முட்டி நிற்கும். ஆங்கிலப் பெயர்களை வைத்து மட்டும் டெஸ்ட் செய்தால் இது கடைசிவரை தெரியாது.

பணத்துக்கு டெசிமல் டைப்பைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். ஃப்ளோட், டபுள் இரண்டும் இரும எண்ணில் சேமிக்கப்படுபவை, 0.1 என்ற எண்ணையே அவற்றால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. டெசிமல் போட்டு, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் என்று ஃப்ராக்ஷன்டிஜிட்ஸ் கொடுத்துவிட்டால் ஜாவா பக்கம் அது பிக்டெசிமலாக வந்துசேரும். கட்டணத்தில் ஜிஎஸ்டி சேர்ந்ததா சேராததா என்பதை எலிமென்ட்டின் பெயரிலேயே சொல்லிவிடுங்கள்.

போன் நம்பர் எண் அல்ல, அது சரம் (ஸ்ட்ரிங்). பின்கோடும் அப்படித்தான், அதற்கு பேட்டர்ன் கொடுங்கள்: ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யமாக இருக்கக்கூடாது. கூட்டல் கழித்தல் செய்யப்போவதில்லை என்றால் அது எண் டைப் ஆக வேண்டிய தேவையே இல்லை.

நேரம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2025 பொங்கலுக்கு முந்தைய வெள்ளி ஜனவரி 10. அன்றைய இரவு பஸ் கலாசிபாளையத்திலிருந்து 11.20-க்குக் கிளம்புகிறது, மடிவாளா, சில்க் போர்டு தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வரும்போது மணி 12.15. பயணி சொல்வது "வெள்ளிக்கிழமை பஸ்". பஸ் கம்பெனியும் அதை வெள்ளிக்கிழமை டிரிப் என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏறுகிறவருக்கு நாட்காட்டிப்படி அது சனிக்கிழமை, ஜனவரி 11. இப்போது "பயணநாள்" என்று ஒரே ஒரு எலிமென்ட் வைத்தால் அதில் எதை நிரப்புவது? ஒரு ஏஜென்ட் 10 என்பார், இன்னொருவர் 11 என்பார், இருவரும் அவரவர் பக்கத்தில் சரிதான், யாரோ ஒரு பயணி ஒரு நாள் தாமதமாக நடுரோட்டில் பெட்டியோடு நிற்பார். அதனால் இரண்டு தனித் தகவல் வேண்டும். ஒன்று டிரிப்பின் நாள், பஸ் கம்பெனி எந்த நாளின் கணக்கில் அந்த பஸ்ஸை வைத்திருக்கிறதோ அது, டேட் டைப். இன்னொன்று ஒவ்வொரு ஏறுமிடத்துக்கும் பஸ் வரும் நேரம், நாளும் மணியும் சேர்ந்த டேட்டைம் டைப், கடைசியில் கட்டாயம் +05:30. அந்த நேர வித்தியாசத்தை எழுதாமல் விட்டால், சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும் இடத்தில் யாராவது அதை மாற்றிப் படிப்பார்கள். நம் 12.15 யூடிசியில் முந்தைய நாள் மாலை 6.45, நாளே மாறிவிடுகிறது. ஸ்கீமா 1.0-இல் டேட்டைமுக்கு நேர வித்தியாசத்தைக் கட்டாயமாக்க வேண்டுமென்றால் பேட்டர்ன் ஒன்று சேர்த்துத்தான் ஆகவேண்டும், சேர்த்துவிடுங்கள்.

"ஒன்றுமில்லை" என்பதை எக்ஸ்எம்எல்லில் மூன்று விதமாகச் சொல்லலாம்: எலிமென்ட்டே இல்லாமல் விடலாம், காலியாக அனுப்பலாம், நில் (nil, மதிப்பு இல்லை) என்று குறித்து அனுப்பலாம். மூன்றுக்கும் மூன்று அர்த்தம் வைத்துக்கொண்டால் எதிர்ப்பக்கம் பைத்தியம் பிடித்துவிடும். என் கருத்து, எலிமென்ட் இல்லாமல் விடுவதை மட்டும் அனுமதியுங்கள், அதாவது மின்ஆக்கர்ஸ் (குறைந்தது எத்தனை முறை வர வேண்டும் என்பது) பூஜ்யம், அத்தோடு சரத்துக்கு மின்லெங்த் (குறைந்தபட்ச நீளம்) ஒன்று. கட்டாயம் என்று போட்டால் மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள், மின்லெங்த் இல்லாத ஒரு கட்டாயச் சரத்தில் காலியாக அனுப்பினாலும் ஸ்கீமா "சரி" என்றுதான் சொல்லும்.

அப்புறம் நேம்ஸ்பேஸ். பார்க்க இணைய முகவரி போல இருக்கும், ஆனால் அந்த முகவரியில் பக்கம் ஒன்றும் இருக்க வேண்டியதில்லை, அது ஒரு அடையாளம் மட்டும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும், கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் அது வேறு நேம்ஸ்பேஸ். உங்கள் கம்பெனி டொமைனையும் ஆண்டு, மாதத்தையும் சேர்த்து வையுங்கள், பின்னால் வெர்ஷன் மாற்ற உதவும். இதோடு சேர்ந்த ஒரு அமைப்பு எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது அன்குவாலிஃபைடு, அதாவது வெளி எலிமென்ட்டுக்கு நேம்ஸ்பேஸ் உண்டு, உள்ளே இருப்பவற்றுக்குக் கிடையாது. கையால் மெசேஜ் எழுதுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் நேம்ஸ்பேஸ் போட்டு அனுப்புவார்கள், உங்கள் சர்வர் "பயணநாள் வரவில்லை" என்று திருப்பியடிக்கும், அவர்கள் கண்முன்னே பயணநாள் இருக்கும். இரண்டு டீம்கள் இதற்காக ஒரு முழு நாள் அழைப்பில் உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்க்கலாம். ஸ்கீமாவின் முதல் வரியிலேயே குவாலிஃபைடு என்று எழுதிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

கடைசியாக, டாக்குமென்டேஷன் எலிமென்ட்டைப் பயன்படுத்துங்கள். அதை அழகுக்கு வைக்கவில்லை. ஒவ்வொரு எலிமென்ட்டின் கீழும் ஒரு வரி: என்ன அலகு, எங்கிருந்து எடுப்பது, ஒரு உதாரணம். "பயணநாள் என்பது பயணத்தின் நாள்" என்று எழுதினால் அது வீண். "டிரிப் தொடங்கும் இடத்தில் பஸ் கிளம்பும் நாள், நள்ளிரவுக்குப் பின் ஏறுகிறவர்களுக்கும் இதே நாள்" என்று எழுதினால் பத்து மெயில் மிச்சம்.

நான்காம் படி: விஸ்டில்

ஸ்கீமா கைக்கு வந்துவிட்டால் இது வேகமாகப் போகும். விஸ்டில் 1.1-இல் மேலிருந்து கீழாக ஐந்து பகுதி. டைப்ஸ், உங்கள் ஸ்கீமா உட்காரும் இடம், தனி ஃபைலாக வைத்து இங்கே இம்போர்ட் செய்வது நல்லது. மெசேஜ், எந்த எலிமென்ட் போகிறது எது வருகிறது என்பது. போர்ட்டைப், ஆபரேஷன்களின் பட்டியல். பைண்டிங், அந்த ஆபரேஷன்கள் எந்த நெறியில் போகும் என்பது, நமக்கு சோப், எச்டிடிபி வழியாக. சர்வீஸ், அதற்குள் போர்ட், உண்மையான முகவரி. முதல் மூன்றும் "என்ன" என்பதைச் சொல்கின்றன, கடைசி இரண்டும் "எப்படி, எங்கே" என்பதை. படிக்கும்போது குழம்பினால் கீழிருந்து மேலே படியுங்கள்: முகவரி, அது எந்த பைண்டிங், அது எந்த போர்ட்டைப், அதில் என்ன ஆபரேஷன், அதற்கு என்ன மெசேஜ், அந்த மெசேஜுக்கு எந்த எலிமென்ட்.

பைண்டிங்கில் ஸ்டைல் என்று ஒன்று, யூஸ் என்று ஒன்று கேட்கும். டாக்குமென்ட், லிட்டரல் என்று இரண்டையும் போட்டுவிடுங்கள். ஆர்பிசி, என்கோடட் கூட்டணி பழைய டுடோரியல்களில் இன்னும் கிடக்கிறது. வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக டபிள்யூஎஸ்-ஐ (WS-I) என்ற அமைப்பு 2004-இல் கொண்டுவந்த பேசிக் புரொஃபைல் என்கோடட் முறையையே தடை செய்துவிட்டது. கூடவே "ராப்டு" என்ற வழக்கத்தையும் பின்பற்றுங்கள்: ஒவ்வொரு மெசேஜிலும் ஒரே பார்ட், கோரிக்கையின் வெளி எலிமென்ட்டுக்கு ஆபரேஷனின் அதே பெயர். இப்படிச் செய்தால் ஜாவாவிலும் டாட்நெட்டிலும் உருவாகும் கிளையன்ட் பார்க்க சாதாரண ஃபங்ஷன் போல இருக்கும்.

முகவரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. லோட் பேலன்ஸருக்கு (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் கருவி) பின்னால் இருக்கும் சர்வர் தானாக உருவாக்கும் விஸ்டிலில், சர்வீஸ் முகவரியாக உள் நெட்வொர்க்கின் பெயரோ லோக்கல்ஹோஸ்ட்டோ வந்துவிடும். இம்போர்ட் செய்த ஸ்கீமாவின் முகவரியும் அப்படியே. உங்கள் ஆபீஸுக்குள் எல்லாம் வேலை செய்யும், வெளியே ஒருவருக்கும் வேலை செய்யாது. மொபைல் டேட்டாவில் இணைத்துக்கொண்டு, வெளியாள் போல விஸ்டிலை இறக்கிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: தப்பாகப் போனால் என்ன சொல்வது?

சீட் போய்விட்டது என்பது பிழையா? கவுன்டரில் அது அன்றாடம் நடக்கும் விஷயம். டேட்டாபேஸ் விழுந்துவிட்டது என்பது பிழை. இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள். சோப் 1.1-இல் ஃபால்ட் (பிழைச் செய்தி) எச்டிடிபி 500 என்ற நிலை எண்ணோடுதான் போகும். "சீட் இல்லை" என்பதையும் ஃபால்ட்டாக அனுப்பினால், வெள்ளிக்கிழமை மாலை முழுக்க மானிட்டரிங் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும், உண்மையில் சர்வர் விழும்போது யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எதிர்பார்க்கக்கூடிய முடிவுகளை சாதாரண பதிலிலேயே ஒரு நிலைக் குறியீடாகக் கொடுங்கள்: பிடிக்கப்பட்டது, சீட் இல்லை, பக்கத்து சீட் நிபந்தனையால் மறுக்கப்பட்டது. ஃபால்ட்டை உண்மையான கோளாறுக்கு வையுங்கள், அதையும் போர்ட்டைப்பில் ஆபரேஷனோடு சேர்த்து முறையாக அறிவியுங்கள், அறிவிக்காத ஃபால்ட் எதிர்ப்பக்கத்தில் பொத்தாம்பொதுவான எக்ஸெப்ஷனாக விழும்.

ஃபால்ட்டுக்குள் மூன்று விஷயம் இருந்தால் எதிர்ப்பக்கம் உங்களை வாழ்த்தும். இயந்திரம் படிக்க ஒரு குறியீடு, மனிதர் படிக்க ஒரு வரி, உங்கள் லாகில் தேட ஒரு எண். அப்புறம் இன்னொன்று: திரும்ப முயற்சி செய்யலாமா கூடாதா என்பது. சோப் 1.1 இதற்குத்தான் கிளையன்ட், சர்வர் என்று இரண்டு வகையைக் கொடுத்தது, 1.2-இல் அவையே செண்டர் (அனுப்புகிறவர்), ரிசீவர் (பெறுகிறவர்) ஆயின. அனுப்பியவர் மேல் தப்பு என்றால் அதே மெசேஜைத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. ஜாவாவின் ஸ்டாக் டிரேஸை மட்டும் வெளியே விடாதீர்கள், அது எதிர்ப்பக்கத்துக்கு உதவாது, தாக்குகிறவனுக்கு உதவும்.

ஆறாம் படி: ஒரே கோரிக்கை இரண்டு முறை வரும்

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் "உறுதி செய்" அனுப்புகிறார், சர்வர் சீட்டை எழுதிவிட்டது, பதில் திரும்பும் வழியில் நெட்வொர்க் அறுந்துவிட்டது. ஏஜென்ட்டின் சிஸ்டத்துக்கு நடந்ததா நடக்கவில்லையா என்றே தெரியாது, திரும்ப அனுப்பும். முருகேஸ்வரிக்கு இரண்டு சீட், இரண்டு முறை பணம். மேலே மாதிரி மெசேஜில் முதல் எலிமென்ட்டாகக் கோரிக்கைஎண் வைத்ததற்குக் காரணம் இதுதான். அந்த எண்ணை அனுப்புகிறவர்தான் உருவாக்க வேண்டும், சர்வர் அல்ல. சர்வர் அதைச் சேமித்து வைத்து, அதே எண்ணோடு மறுபடி வந்தால் புதிதாக எதுவும் செய்யாமல் முன்பு கொடுத்த அதே பதிலைக் கொடுக்க வேண்டும். எண் ஒன்று, உள்ளடக்கம் வேறு என்றால் மறுக்க வேண்டும். எத்தனை நாள் வரை அந்த எண் நினைவில் இருக்கும் என்பதை டாக்குமென்டேஷனில் எழுதுங்கள். பணம் தொடும் எந்த சர்வீஸிலும் இதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடாது, ஸ்கீமாவின் முதல் நாளே இருக்க வேண்டும், பிறகு சேர்த்தால் எல்லா ஏஜென்ட்களும் தங்கள் கிளையன்ட்டை மாற்றியாக வேண்டும்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்டிடிபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். இடையில் பல கைகள் மாறிப்போகும் மெசேஜ் என்றால் ஓயாசிஸ் என்ற தர அமைப்பு 2004-இல் தரப்படுத்திய டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி இருக்கிறது, இருவர் நேராகப் பேசும் நம் உதாரணத்துக்கு அவ்வளவு தேவையில்லை. எக்ஸ்எம்எல்லுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: மெசேஜுக்குள் டிடிடி (எக்ஸ்எம்எல்லின் அமைப்பை வரையறுக்கும் பழைய முறை) வைத்து, என்டிட்டி (வேறு உள்ளடக்கத்தைக் குறிக்கும் சுருக்கப் பெயர்) ஒன்றை அறிவித்து, சர்வரில் இருக்கும் ஃபைலைப் படிக்க வைப்பது, அல்லது சின்ன மெசேஜை மெமரியில் பல ஜிபியாக ஊத வைப்பது. சோப் மெசேஜில் டிடிடி இருக்கவே கூடாது என்பது விதி, அதனால் பார்சரில் (எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் நிரல்) டிடிடியை முழுதாக அடைத்துவிட்டால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

ஏழாம் படி: எழுதுவதற்கு முன்பே டெஸ்ட்

விஸ்டில் தயார், சர்வரில் ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போதே டெஸ்ட் செய்யலாம். சோப்யூஐயில் விஸ்டிலைக் கொடுத்தால் போலி சர்வர் ஒன்றை உருவாக்கித் தரும், அதில் உங்கள் கையால் எழுதிய பதில்களைப் போட்டுவிட்டால் ஏஜென்ட் பக்கம் இன்றே வேலையைத் தொடங்கிவிடலாம். நீங்கள் இரண்டு மூன்று மொழிகளில் கிளையன்ட் உருவாக்கிப் பாருங்கள். ஜாவாவுக்கு அப்பாச்சி சிஎக்ஸ்எஃப், டாட்நெட்டுக்கு எஸ்விசியூட்டில், பைத்தானுக்கு ஜீப் (Zeep). பழைய டுடோரியல்களில் ஜேடிகேயோடு சேர்ந்தே வரும் டபிள்யூஎஸ்இம்போர்ட்டைச் சொல்லியிருப்பார்கள், 2018-இல் வந்த ஜாவா 11-இலிருந்து அது ஜேடிகேயில் இல்லை, தனியாகச் சேர்க்க வேண்டும், "கமாண்ட் இல்லை" என்று வந்தால் பயப்படாதீர்கள்.

பிஎச்பியில் எழுதுகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு, ஏனென்றால் சின்ன ஏஜென்ட்களின் சிஸ்டம் நிறைய பிஎச்பியில் இருக்கும். அதன் சோப் கிளையன்ட் விஸ்டிலை 86400 நொடி, அதாவது ஒரு முழு நாள், கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொள்வது இயல்பான அமைப்பு. நீங்கள் விஸ்டிலை மாற்றிவிட்டு "இன்னும் பழசே வருதே" என்ற மெயிலைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது இதை. இன்னொன்று, பட்டியலில் ஒரே ஒரு பஸ் இருந்தால் அதை அரேயாகத் தராமல் தனி ஆப்ஜெக்டாகத் தந்துவிடும், அதை மாற்ற அமைப்பு இருக்கிறது, ஆனால் பலருக்குத் தெரியாது. அதனால் மாதிரி பதில்களில் மூன்று கட்டாயம் வையுங்கள்: பஸ்ஸே இல்லாத பதில், ஒரே பஸ், பல பஸ். நீளமான தமிழ்ப் பெயர், கடைசிப் பெயர் இல்லாத பயணி, நள்ளிரவுக்குப் பின் ஏறுமிடம், இவற்றுக்கும் ஒவ்வொன்று.

எட்டாம் படி: மாற்றம் வரும்போது

சர்வீஸ் வெளியே போன நாளிலிருந்து ஸ்கீமா உங்களுடையது மட்டும் அல்ல. புது ஆபரேஷன் சேர்ப்பதால் பழைய ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது. கோரிக்கையில் கட்டாயமில்லாத ஒரு எலிமென்ட்டை சீக்வென்ஸின் (எலிமென்ட்களின் வரிசை) கடைசியில் சேர்க்கலாம், அதை அனுப்பாதவர்களுக்குப் பிரச்சினையில்லை. பதிலில் புது எலிமென்ட் சேர்ப்பது கொஞ்சம் ஆபத்து, கண்டிப்பாக ஸ்கீமா சரிபார்க்கும் கிளையன்ட்கள் தெரியாத எலிமென்ட்டைக் கண்டதும் நின்றுவிடும். நிலைக் குறியீட்டில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதும் அப்படித்தான், எனுமரேஷனாக (அனுமதிக்கப்பட்ட மதிப்புகளின் மூடிய பட்டியல்) எழுதியிருந்தால் பழைய கிளையன்ட் அதை ஏற்காது, ஆகவே பட்டியல் வளரும் என்று தோன்றினால் முதலிலேயே பேட்டர்ன் போட்ட சரமாக வையுங்கள். பெயரை மாற்றுவது, வரிசையை மாற்றுவது, கட்டாயமில்லாததைக் கட்டாயம் ஆக்குவது, அர்த்தத்தை மாற்றுவது, இவையெல்லாம் புது நேம்ஸ்பேஸ், புது முகவரி. அர்த்தத்தை மாற்றுவதுதான் இதில் மோசம், ஜிஎஸ்டி சேராத கட்டணமாக இருந்ததை அதே எலிமென்ட்டில் ஜிஎஸ்டி சேர்த்து அனுப்பினால் எந்தக் கருவியும் எச்சரிக்காது, கணக்குத்தான் இடிக்கும்.

விஸ்டிலையும் ஸ்கீமாவையும் மாதிரி மெசேஜ்களையும் ஒன்றாக கிட்டில் (Git, மாற்றங்களைக் கண்காணிக்கும் கருவி) போட்டு வையுங்கள், மாற்றம் எதுவானாலும் அங்கே ரிவ்யூவுக்கு வரட்டும். பழைய வெர்ஷனும் புதியதும் சில காலம் சேர்ந்து ஓடத்தான் வேண்டும். பழையதை நிறுத்தும் தேதியை அறிவிக்கும்போது பண்டிகைக் காலத்தைத் தவிருங்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய மாதத்தில் எந்த ஏஜென்ட்டும் சிஸ்டத்தைத் தொடமாட்டார். தேதி நெருங்கும்போது லாகைத் திறந்து பழைய முகவரியை இன்னும் யார் யார் அழைக்கிறார்கள் என்று பார்த்து, மெயில் அனுப்பியாயிற்றே என்று விடாமல், ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் காலியான பிறகு பழைய முகவரியை மூடலாம்.